இரண்டு சாரதிகளின் விளையாட்டு

கொழும்பிலிருந்து ஒரு பெண் தேடி வந்திருக்கிறாள் என்று சொன்னபோது, நிப்லா பழுதான கணினி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிற காலம் அது. சாய்ந்தமருதில், பிரதான வீதியோரமாக அவள் நடத்திவந்த கணினி வகுப்புக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது படிவத்தோடுதான் வருவார்கள். சுனாமிக்குப் பிறகு அப்படி நிரப்பி நிரப்பி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. "இரிக்கச் சொல்லுங்க, வாறன்" என்று சொல்லி, கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

வந்தவள் பெயர் பரீனா. இருபத்திரண்டு வயது இருக்கலாம். அக்கரைப்பற்றுப் பிள்ளை. கொழும்பில் படித்து, கணினி விளையாட்டுகளும் பாடச் சீடிகளும் வெளியிடுகிற ஒரு கம்பனியில் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். நிப்லாவைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்து, அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

"ராத்தா, 'மாறி ஏறு' செஞ்ச நிப்லா நீங்கதானே?"

அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு ஐந்து வருடத்துக்கு மேலாகிவிட்டிருந்தது. நிப்லா கையிலிருந்த அழுக்கைத் துடைக்கவும் மறந்து நின்றாள்.

'மாறி ஏறு' ஒரு கணினி விளையாட்டு. சமாதான ஒப்பந்தம் வந்து வீதிகள் திறபட்ட 2002ஆம் ஆண்டில், கல்முனையில் ஹஸன் என்பவர் நடத்திய கணினி நிலையத்தில், அங்கே படிப்பித்துக்கொண்டிருந்த இருவர் சேர்ந்து செய்தது. படங்கள் முழுக்க நிப்லா வரைந்தவை. அந்தப் படங்களை ஓடவும் நிற்கவும் வைத்தவன் பாண்டிருப்பைச் சேர்ந்த சுஜிந்தன். வகுப்பு முடிந்த பின்னேரங்களில், கண்ணாடி போட்ட முன் அறையில், எல்லோர் கண்ணெதிரிலும் இருந்து எட்டு மாதம் வேலை செய்தார்கள்.

கதை நிப்லாவின் வீட்டுக் கதைதான். அவளுடைய வாப்பா அச்சிமுகம்மது லொறி வைத்திருந்தவர். வரிப்பத்தான்சேனையில் நெல் ஏற்றி, அக்கரைப்பற்று வழியாகக் கரையோர வீதியில் மருதமுனை வரை கொண்டுபோவார். அந்த வீதியில் ஊர்கள் ஒன்றுவிட்டு ஒன்று வரும். நிந்தவூர் முஸ்லிம் ஊர், அடுத்தது காரைதீவு தமிழ் ஊர், அதற்கடுத்தது சாய்ந்தமருது மறுபடி முஸ்லிம் ஊர். தொண்ணூறுகளில் ஓர் ஊர்க்காரன் மற்ற ஊருக்குள் தனியாக வாகனம் ஓட்டிப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஆகவே அச்சிமுகம்மதுவும் காரைதீவைச் சேர்ந்த இராசதுரையும் ஒரே லொறியில் போனார்கள். தமிழ் ஊர் வந்தால் இராசதுரை ஓட்டுவார், முஸ்லிம் ஊர் வந்தால் வாப்பா ஓட்டுவார். ஊர் எல்லையில் லொறியை நிறுத்தி இடம் மாறிக்கொள்வார்கள். ஏழு வருடம் அப்படி நெல் ஏற்றினார்கள்.

விளையாட்டும் அப்படியே. ஒரு கணினிக்கு முன்னால் இருவர் உட்கார வேண்டும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பாதையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊர் எல்லை வந்ததும் இடம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் நானே ஓட்டுவேன் என்று அடம்பிடித்தால் லொறி அசையாது. இடையிடையே சோதனைச் சாவடிகள் வரும். அவசரப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லைக்கு எல்லை ஒரு குரல் கேட்கும். "தள்ளிரு மச்சான், இனி என்ட ஊரு." தமிழ்ச் சாரதிக்குச் சுஜிந்தன் குரல் கொடுத்தான். முஸ்லிம் சாரதிக்குக் குரல் கொடுத்தவர் நிலையத்து முதலாளி ஹஸன்.

பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை கடைகளில் அந்தச் சீடி விற்றது. பாடசாலை விட்டதும் பிள்ளைகள் ஹஸன் நிலையத்தில் வரிசையில் நின்று விளையாடினார்கள். சண்டை பிடித்துக்கொண்ட இரண்டு சகோதரர்களை ஒரு தாய் வேண்டுமென்றே கூட்டிவந்து அதன் முன்னால் உட்காரவைத்ததும் உண்டு.

2004 டிசம்பர் 26ஆந் திகதி காலை கடல் வந்தது. ஹஸனின் நிலையத்தில் சுவர்கள்கூட மிஞ்சவில்லை. பாண்டிருப்பில் கடலோரம் இருந்த வீட்டில் சுஜிந்தனும் அவனுடைய தாயும் போனார்கள். அவனுடைய தங்கை சுஜித்தா தெய்வாதீனமாக அன்று திருக்கோவிலில் உறவினர் வீட்டில் நின்றிருந்தாள். நிப்லாவிடமிருந்த சீடியும், வரைந்த தாள்களும், சுஜிந்தன் எழுதிய நிரலும் எல்லாம் தண்ணீரோடு போயின. அதன் பிறகு அந்த விளையாட்டைப் பற்றி அவள் யாரிடமும் கதைத்ததில்லை.

"நான் சின்னதில இதுதான் விளையாடின, ராத்தா," என்றாள் பரீனா. "கம்பனியில பழைய அலுமாரி ஒண்டத் துப்புரவாக்கக்குள்ள இந்தச் சீடியக் கண்டன். ஹஸன் நானா 2003இலேயே எங்கட கம்பனிக்கு எழுதிக் குடுத்திரிக்கார். இதப் புதுசாக்கி விடுவம் எண்டு மேலிடத்தில நான்தான் மல்லுக்கட்டினன்."

சொல்லிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தாள். அவள் முகத்திலிருந்த சந்தோசத்தைப் பார்க்க நிப்லாவுக்கும் தொற்றிக்கொண்டது.

திரையில் சிவப்பு லொறி ஒன்று பளபளத்துக்கொண்டு வந்தது. தென்னைகள் காற்றில் ஆடின. வயலின் பச்சை கண்ணைப் பறித்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சாரதி ஒற்றைக் கையால் ஓட்டினான். வீதியில் கிடந்த தங்கக் காசுகளைப் பொறுக்கிக்கொண்டு, வரிப்பத்தான்சேனையில் எடுத்த லொறியை எங்கும் நிறுத்தாமல் மருதமுனையில் கொண்டுபோய் விட்டான்.

"மத்த றைவர் எங்க?" என்று நிப்லா கேட்டாள்.

"ஒராள் போதும் எண்டுட்டாங்க ராத்தா. இப்ப எல்லாரும் தனியத்தானே விளையாடுற. சண்டையும் முடிஞ்சி போச்சி. மாறி ஏறத் தேவையில்லயே."

"பேரு?"

"பேரு அதேதான். 'மாறி ஏறு'."

"ஒராள் எப்பிடி மாறி ஏறுற?"

பரீனா பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தாள். நிப்லாவினதும் சுஜிந்தனினதும் பெயர்களை முகப்பில் பெரிதாகப் போடுவதற்குச் சம்மதக் கையொப்பம் வேண்டுமாம். கிழக்கிலங்கைப் பிள்ளைகள் இருவர் செய்தது என்றுதான் விளம்பரமே வரப்போகிறதாம்.

"சுஜிந்தன் மௌத்தாகி அஞ்சு வருசமாச்சி," என்றாள் நிப்லா. "நான் இதில கையெழுத்து வைக்க மாட்டன். இது எங்கட விளையாட்டு இல்ல. ஆர் செஞ்சாங்களோ அவங்கட பேரைப் போடுங்க."

பரீனாவின் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை. "பழச அப்பிடியே விடேலாது ராத்தா. இப்பத்த கணினியில அது ஓடுறல்ல. பாருங்க" என்று இன்னொரு சீடியைப் போட்டாள்.

உண்மைதான். எழுத்துகள் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள் தெரிந்தன. அந்தக் காலத்து மந்தமான கணினிக்கென்று செய்த லொறி, புதிய கணினியின் வேகத்தில் துப்பாக்கிச் சன்னம் மாதிரிப் பாய்ந்தது. அக்கரைப்பற்றை ஒரு நொடியில் தாண்டியது. தான் வரைந்த விளக்குமாற்றுத் தென்னைகளைப் பார்த்து நிப்லாவுக்குச் சிரிப்பு வந்தது. லொறி காரைதீவு எல்லையில் போய் முட்டி நின்றது.

"தள்ளிரு மச்சான், இனி என்ட ஊரு."

சுஜிந்தனின் குரல். லொறியின் வேகம் அதைத் தொடவில்லை. அவன் கதைக்கிற அதே நிதானத்தோடு, 'ஊரு' என்கிறபோது கொஞ்சம் இழுத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது.

நிப்லா எழுந்து யன்னலருகே போய் நின்றாள். பரீனா மடிக்கணினியை மெதுவாக மூடினாள்.

"புதுசில இந்தக் குரல் இரிக்கா?"

"இல்ல ராத்தா. இரைச்சல் கூட எண்டு வேற ஆளப் போட்டுப் பதிஞ்ச."

புறப்படும்போது பரீனா அந்தப் பழைய சீடியின் பிரதி ஒன்றை அவள் கையில் வைத்தாள். கம்பனியைக் கேட்காமல் கொடுத்தது. "இது உங்கட சாமான். எங்ககிட்ட இருந்ததுதான் பிழை" என்றாள்.

அடுத்த நாள் காலை நிப்லா பாண்டிருப்புக்குப் போனாள். சுஜித்தா வீதியோரத்தில் தையல் கடை வைத்திருந்தாள். இரண்டு தையல் மெசின், சுவர் நிறையத் தொங்குகிற பாடசாலைச் சட்டைகள். தன் வகுப்பிலிருந்து கொண்டுபோன, அந்த விளையாட்டு சரியான வேகத்தில் ஓடக்கூடிய பழைய கணினியை நிப்லா துணி வெட்டும் மேசையில் வைத்து வயர்களைப் பூட்டினாள். விசயத்தை முன்கூட்டியே சொல்லித்தான் குரலைப் போட்டாள்.

சுஜித்தா மெசின் மிதியிலிருந்து பாதத்தை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். திரும்பப் போடச் சொன்னாள். அவனுடைய படமென்று அவளிடம் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்றுதான், அதுவும் பாதி அழிந்தது. குரல் எங்கேயும் இல்லை என்றே நினைத்திருந்தாள். ஐந்தாம் தரமோ ஆறாம் தரமோ கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இந்தச் சிரிப்ப அடக்குற கள்ளன்," என்றாள். "வீட்டயும் இப்பிடித்தான் கதைப்பான்."

நிப்லா எல்லாவற்றையும் சொன்னாள். "நான் இத நிப்பாட்டப் போறன் சுஜித்தா. அவன் செஞ்சதுல கை வைக்க அவங்களுக்கு என்ன உரிம இரிக்கி?"

சுஜித்தா மேசையில் கிடந்த நூலைச் சுற்றி வைத்தாள். "அக்கா, நிப்பாட்டினா மறுகா ஆருக்கு அவன்ட குரல் கேக்கும்?" என்றாள். "உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தானே. அந்தப் புள்ள அலுமாரியக் கிண்டியிராட்டி நமக்கும் கேட்டிராது."

நிப்லாவுக்கு அது சுருக்கென்றிருந்தது. தான் செய்தது என்று பெருமைப்பட்டவள் அதைக் காப்பாற்றவில்லை. செய்யாதவர்களின் அலுமாரியில்தான் அது உயிரோடு இருந்திருக்கிறது.

"இன்னொண்டும் இரிக்கி," என்றாள் நிப்லா. "நிந்தவூர் வளைவில லொறி வீதிய விட்டு எறங்கினா வயலுக்குள்ளால அப்பிடியே ஓடும். அது சுஜிந்தன் விட்ட பிழை. திருத்துறன் திருத்துறன் எண்டுதான் இருந்தான். இப்ப நான் அதத் திருத்தலாமா? அந்தப் பாதி நான் செஞ்சதில்லயே."

"பிழை எண்டு அவனே சொன்னவன்தானே? அப்ப திருத்துங்க. ஆனா என்ட அண்ணன் செஞ்சது எப்பிடி இருந்த எண்டு ஆருக்கும் பாக்க ஏலாமப் போகப்படாது. அவ்வளவுதான் நான் கேக்கிற."

நிப்லாவுக்கு அதுவரை கோபம் மட்டும்தான் இருந்தது. என்ன கேட்பது என்று அந்தத் தையல் கடையில்தான் தெளிவாயிற்று. அன்று பின்னேரமே ஹஸனிடம் போனாள். அவர் எழுதிக்கொடுத்த கடதாசியின் பிரதி வீட்டில் இருந்ததால் கடலுக்குத் தப்பியிருந்தது; அதை எடுத்துப் பார்த்தாள். விற்பதற்கு உரிமை கொடுத்திருந்தது. மாற்றுவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "அந்த நேரம் நான் என்னத்தக் கண்டன் மனே," என்று ஹஸன் தலையைச் சொறிந்தார். "உங்க ரெண்டு பேர்ட்டயும் கேட்டிரிக்கணும். என்ட பிழைதான்."

இரண்டு கிழமை கழித்து நிப்லாவும் சுஜித்தாவும் கொழும்புக்குப் போனார்கள். கல்முனையிலிருந்து பழைய கணினியைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் மாறி மாறி வைத்துக்கொண்டு போனார்கள்.

கம்பனியின் பணிப்பாளர் மரியாதையான மனிதர். தேத்தண்ணீர் வரவழைத்தார். ஆனால் விடுகிற பாடாகத் தெரியவில்லை.

"நாங்கள் காசு குடுத்து வாங்கின சாமான், தங்கச்சி. வாங்கின வீட்டுக்கு வெள்ளை அடிக்கக்கூடாதா?"

"அடிங்க சேர். ஓட்டையும் அடைங்க. பாதி வீட்ட இடிச்சிட்டு, மொதல் கட்டின ஆள்ட பேரை வாசல்ல போடாதீங்க எண்டுதான் சொல்றம்."

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேகம் வேணும். ரெண்டு பேர் இருந்து விளையாடுறது, லொறியை நிப்பாட்டுறது, காத்திருக்கிறது... இதெல்லாம் யாருக்குப் பிடிக்கும்?"

நிப்லா கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து அவருடைய மேசையில் வைத்துப் பூட்டினாள். "ஒருக்கா விளையாடுங்க சேர். பரீனா, நீங்களும் வாங்க."

பணிப்பாளர் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். அவர் தமிழ்ச் சாரதி, பரீனா முஸ்லிம் சாரதி. பரீனா வழியைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவள். அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர் எல்லாவற்றையும் தாண்டிக் காரைதீவு எல்லையில் நிறுத்தி இடம் கொடுத்தாள். பணிப்பாளர் காரைதீவை முக்கி முனகி ஓட்டி முடித்தார். சாய்ந்தமருது எல்லையில் அவருக்கு விட மனமில்லை. விசைகளை அழுத்திக்கொண்டேயிருந்தார். லொறி நகரவில்லை. பின்னால் ஹோர்ன் சத்தம் கூடியது.

"சேர், என்ட ஊரு. தாங்க," என்றாள் பரீனா. அலுவலகத்தில் அவரிடம் கையை நீட்டி எதையும் கேட்டறியாதவள்.

அவர் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார். அறை வாசலில் கூடிநின்ற அலுவலர்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். கல்முனை தாண்டிப் பாண்டிருப்பு எல்லையில் சுஜிந்தனின் குரல் மறுபடி கேட்டபோது, "இது என்ட அண்ணன், சேர்" என்று சுஜித்தா சொன்னாள். மருதமுனை வந்து சேரும் வரை பணிப்பாளர் அந்த நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

பிறகு நடந்தது நீண்ட பேச்சு. மூன்று மணித்தியாலம் பிடித்தது. இரண்டு சாரதிகளும் திரும்பி வருவதென்று முடிவாயிற்று. ஊர்ப் பெயர்கள் வரும், குரல்கள் பழையவையே, இரைச்சலைக் குறைக்கலாம். தங்கக் காசுகள் போகும். ஒன்றில் மட்டும் பணிப்பாளர் இறங்கி வரவே இல்லை. புதிய பதிப்பில் சோதனைச் சாவடி வைக்க முடியாது என்றார். "யுத்தம் முடிஞ்ச இந்த நேரத்தில ஆமிச் சாவடியைக் காட்ட ஏலாது, தங்கச்சி. எங்களையும் கொஞ்சம் யோசியுங்க." நிப்லா வாதாடிப் பார்த்தாள். அவர் கண்களில் இருந்தது பிடிவாதமல்ல, பயம் என்று விளங்கியதும் விட்டுவிட்டாள்.

"சரி சேர். புதுசில எடுங்க. ஆனா அதே சீடிக்குள்ள பழசும் இரிக்கணும், ஒண்டையும் தொடாம. வேகத்தையும் எழுத்தையும் மட்டும் சரிப்படுத்துங்க. வயலுக்குள்ளால ஓடுற லொறி ஓடட்டும். என்ட கோணத் தென்னையும் நிக்கட்டும். மத்தது, புதுசில ஆர் ஆர் என்னென்ன மாத்தினாங்க எண்டு அவங்கவங்க பேரோட எழுதணும். சாவடி எடுத்தது கம்பனி எண்டும் எழுதணும்."

பணிப்பாளர் பரீனாவைப் பார்த்தார். பரீனா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "எழுதுவம்," என்றார் அவர் கடைசியாக.

வயலுக்குள் லொறி ஓடுகிற பிழையைப் புதிய பதிப்பில் திருத்தும் வேலையை நிப்லா தானே கேட்டு எடுத்தாள். பழைய நிரல் இல்லை. சுஜிந்தன் எப்படி யோசித்திருப்பான் என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. பல நாள் மூளையைக் கசக்கிய பிறகு அந்த வளைவில் லொறி சேற்றில் புதைந்து நின்றபோது, வகுப்பில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து அவள் கை தட்டினாள்.

2011ஆம் ஆண்டு தொடக்கத்தில் சீடி வெளிவந்தது. கல்முனையில் ஒரு மண்டபம் எடுத்து வெளியிட்டார்கள். முன்வரிசையில் அச்சிமுகம்மதுவும் இராசதுரையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். "நம்மட லொறி இவ்வளவு புதுசா இருந்தயில்லயே" என்று இராசதுரை குறைபட, "அப்ப நீ ஒழுங்காக் கழுவியிருந்தாத்தானே" என்று அச்சிமுகம்மது திருப்பிக் கொடுத்தார். மேடைத் திரையில் முதலில் இரண்டு பெயர்கள் வந்தன. சுஜிந்தன், பாண்டிருப்பு. நிப்லா, சாய்ந்தமருது. அதற்குக் கீழே, புதுப்பித்தவர்கள் பட்டியலில், பரீனாவின் பெயர். சுஜித்தா தான் தைத்த புதுச்சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இருக்கைக்காரிகளிடமெல்லாம் எது தன் அண்ணனின் பெயர் என்று விரலை நீட்டிக் காட்டினாள். நிப்லாவைப் பேச அழைத்தபோது அவள் மேடையேறி, "ரெண்டும் இரிக்கி. ரெண்டையும் விளையாடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். அதற்கே மண்டபம் அதிர்ந்தது.

சில மாதங்கள் கழித்துப் பரீனா இன்னொரு பழைய சீடியை அனுப்பினாள். மூதூர்ப் பக்கத்தில் யாரோ செய்த மீன்பிடி விளையாட்டு. அலைகள் பிழையாக ஓடுகின்றனவாம், படகு கரையேற மறுக்கிறதாம். திருத்திப் புதுப்பித்துத் தர முடியுமா, சம்பளமும் நல்லது என்று எழுதியிருந்தாள். நிப்லா போட்டுப் பார்த்தாள். எங்கே பிழை என்று அரைமணியில் கண்டுபிடித்தாள். விரல்கள் துறுதுறுத்தன. ஆனாலும் எதையும் தொடாமல், கடைசித் திரை வரை பொறுமையாகப் போய், மூலையில் சின்னதாக இருந்த பெயரைக் குறித்துக்கொண்டாள். நாலைந்து பேரிடம் விசாரித்துத் தொலைபேசி இலக்கத்தையும் எடுத்துவிட்டாள்.

மறுமுனையில் ஓர் ஆண்குரல், சந்தேகத்தோடு, ஆர் கதைக்கிற என்று கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நீங்க செஞ்ச விளையாட்டத் திருத்தச் சொல்லி என்ட கையில தந்திரிக்காங்க. உங்களக் கேக்காம நான் அதில கை வைக்க மாட்டன்," என்றாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "நான் சாய்ந்தமருது நிப்லா. 'மாறி ஏறு' செஞ்ச ரெண்டு பேரில ஒராள்."